இந்தியாவில் தனியார் பல்கலையில் இன்ஜினியரிங்: பினாங்கிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தமிழ்நாட்டில் ஒரு தனியார் பல்கலையில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இப்போது பாயான் லெப்பாசில் வேலை செய்கிறேன், வீடு பிறையில். வருஷா வருஷம் ரிசல்ட் வரும் நேரத்தில் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று போன் வந்துகொண்டே இருக்கும், கேள்விகளும் ஏறக்குறைய அதேதான். அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

எஸ்.பி.எம். முடிச்சாச்சு அக்கா, நேரா அங்க போயி சேர்ந்திடலாமா?

முடியாது. இந்தியாவில் பி.இ., பி.டெக். சேர பன்னிரண்டு வருடப் பள்ளிப்படிப்பு வேண்டும். நமக்கு ஆறு வருடம் ஆரம்பப்பள்ளி, ஐந்து வருடம் இடைநிலைப்பள்ளி, ஆகப் பதினொன்றுதான். எஸ்.டி.பி.எம். அல்லது ஏ-லெவல் முடித்துவிட்டுப் போவதுதான் சிக்கலில்லாத வழி. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருந்தால் எந்தப் பாடப்பிரிவுக்கும் கதவு திறந்திருக்கும்.

மெட்ரிகுலேஷன், ஃபவுண்டேஷன் முடித்தவர்கள் முதலில் பல்கலைக்கு எழுதி, ஏற்றுக்கொள்வோம் என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது போதாது. வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் இந்தியாவின் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று சான்று தருவது டெல்லியில் இருக்கும் ஏ.ஐ.யு., அதாவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். சில இடங்களில் அந்தச் சான்றைக் கேட்பார்கள், அது வந்துசேர நாளாகும், கடைசி நேரத்தில் விண்ணப்பிக்காதீர்கள்.

தனியார் பல்கலைக்கழகம், தனியார் காலேஜ், ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. தமிழ்நாட்டில் இருக்கும் பெரும்பாலான தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, பட்டத்தில் அண்ணா பல்கலையின் பெயர்தான் இருக்கும். அவற்றில் தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் பாடத்திட்டமும் தேர்வும் சொந்தமாக நடத்தும், ஆனால் பட்டம் அண்ணா பல்கலையுடையது. வேலூர் வி.ஐ.டி., காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., தஞ்சாவூர் சாஸ்த்ரா, கோயம்புத்தூர் அம்ரிதா போன்றவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். 1956 ஆம் ஆண்டின் யு.ஜி.சி. (இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் மூன்றாம் பிரிவின்கீழ் அந்தத் தகுதி கிடைக்கிறது, பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் அவர்களுடையதே.

2017 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு நிகர்நிலை நிறுவனங்கள் பெயரில் ‘யுனிவர்சிட்டி’ போடக்கூடாது என்று ஆகிவிட்டது, அதனால் பலவற்றின் பெயர் ‘இன்ஸ்டிடியூட்’ என்று முடியும். அதைப் பார்த்து இது பல்கலை இல்லையோ என்று பயப்பட வேண்டாம்.

அங்க படிச்ச டிகிரி மலேசியாவுல செல்லுமா செல்லாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, இதைத்தான் எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள், தயவுசெய்து இந்தப் பதிலை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

மலேசியாவில் இன்ஜினியராகப் பதிவு செய்வது பி.இ.எம்., அதாவது மலேசியப் பொறியியலாளர் வாரியம். வாஷிங்டன் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது, அதில் உள்ள நாடுகள் ஒன்றின் இன்ஜினியரிங் அங்கீகாரத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும். மலேசியா 2009 இல் முழு உறுப்பினரானது, இந்தியா 2014 இல். இதைக் கேட்டதும் ‘அப்போ இந்திய டிகிரி எல்லாம் செல்லும்’ என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. இந்தியாவில் என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியம் ‘டியர் 1’ பிரிவில் அங்கீகரித்த படிப்புகள் மட்டும்தான் ஒப்பந்தத்துக்குள் வரும். ‘டியர் 2’ வராது.

அடுத்தது, அங்கீகாரம் பல்கலைக்கு இல்லை, பாடப்பிரிவுக்கு. ஒரே பல்கலையில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு இருக்காது. அதுவும் மூன்று வருடம், ஆறு வருடம் என்று காலக்கெடு போட்டுத்தான் தருவார்கள். நீங்கள் சேரும்போது இருந்தது முடிக்கும்போது காலாவதியாகி இருக்கலாம். என்.பி.ஏ. இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, பல்கலையின் பெயர், வளாகத்தின் பெயர், பாடப்பிரிவு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, இந்த நான்கையும் பாருங்கள். வளாகம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்களில் வளாகம் இருக்கும், வேலூருக்குக் கிடைத்தது சென்னைக்குத் தானாகக் கிடைத்துவிடாது. விளம்பரத்தில் வரும் ‘ஏ பிளஸ் பிளஸ்’ என்பது நாக் என்ற வேறொரு இந்தியத் தரமதிப்பீட்டு அமைப்பு முழு நிறுவனத்துக்கும் தரும் தரம், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசாங்க வேலை உங்கள் குறி என்றால் தகுதி அங்கீகாரம் தனி விஷயம், அதையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எடுக்கப்போறேன். எனக்கு பி.இ.எம். எதுக்கு?

பெரும்பாலும் தேவைப்படாது. சாஃப்ட்வேர் வேலைக்கு யாரும் வாரியப் பதிவு எண் கேட்பதில்லை, கோடிங் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள். பாயான் லெப்பாஸ், கூலிம் தொழிற்சாலைகளிலும் டெஸ்ட், பிராசஸ், டிசைன் வேலைகளுக்கு எடுக்கும்போது பல நிறுவனங்கள் அதைக் கேட்பதில்லை, இன்டர்வியூவில் என்ன தெரிகிறது என்பதுதான் கணக்கு.

சிவில், கட்டட அமைப்பு, கட்டடங்களுக்கான மின்சாரம் என்று போகிறவர்களுக்கு நிலைமை வேறு. வரைபடத்தில் கையெழுத்துப் போடும் நிலைக்கு வர வேண்டுமென்றால் 1967 ஆம் ஆண்டின் பொறியியலாளர் பதிவுச் சட்டப்படி பதிவு இல்லாமல் நடக்காது. என்னைக் கேட்டால், சிவில் படித்து மலேசியாவிலேயே வேலை செய்யப்போகிற பிள்ளை உள்ளூரில் படிப்பதே மேல். யு.எஸ்.எம். இன்ஜினியரிங் வளாகம் நம் நிபோங் திபாலிலேயே இருக்கிறது, யு.பி.யு.வில் (அரசாங்கப் பல்கலைகளுக்கான விண்ணப்பம்) முயற்சி செய்யாமல் இந்தியா பற்றிப் பேசாதீர்கள்.

நமக்கு வெளிநாட்டு ஃபீஸ்தானே? பி.டி.பி.டி.என். கிடைக்குமா?

ஆமாம், மலேசியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு வெளிநாட்டு மாணவர் பிரிவுதான், அந்தக் கட்டணத்தைப் பல இடங்களில் அமெரிக்க டாலரில் சொல்வார்கள். பக்கத்தில் உட்காரும் உள்ளூர்ப் பையன் கட்டுவதைவிட உங்களுடையது நல்ல வித்தியாசத்தில் அதிகமாக இருக்கும். ரிங்கிட்டின் மதிப்பு ஏறி இறங்கினால் உங்கள் பட்ஜெட்டும் ஆடும், அதனால் நான்கு வருடக் கணக்கைப் போடும்போது கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள். படிப்புக் கட்டணத்தைத் தவிர ஹாஸ்டல், மெஸ், முன்பணம், தேர்வுக் கட்டணம், விமான டிக்கெட் இருக்கின்றன. பதிலுக்குப் பெரும்பாலான இடங்களில் வெளிநாட்டுப் பிரிவுக்கு நுழைவுத்தேர்வு இல்லை, மதிப்பெண் பார்த்தே இடம் தருவார்கள்.

பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்கு மட்டும்தான். பெற்றோர் தங்கள் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தில் கல்விக்கென்று எடுக்கலாம், 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்த பிறகு அது செஜாத்ரா கணக்கிலிருந்து வரும். பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம், இந்திய மாணவர் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை.

ஏஜென்ட் எல்லாம் பாத்துக்கிறேன்னு சொல்றாரு, விட்டுடலாமா?

ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருவது பெரும்பாலும் பல்கலைதான், எந்தப் பல்கலை கமிஷன் தருகிறதோ அதைத்தான் அவர் சிபாரிசு செய்வார், அது அவர் தொழில். மூன்றாவது கேள்விக்கான பதிலில் சொன்ன என்.பி.ஏ. பட்டியலை அவர் முன்னாலேயே போனில் திறந்து காட்டச் சொல்லுங்கள், அந்த இடத்திலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

கட்டணத்தைப் பல்கலையின் வங்கிக் கணக்குக்கு நீங்களே அனுப்புங்கள், ரசீது வாங்குங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். கல்லூரிகளே சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 இல் அறிவித்திருக்கிறது.

விசா எப்படி? டூரிஸ்ட் விசாவுல போயிட்டு அங்க மாத்திக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு.

அந்த ஒருத்தர் பேச்சைக் கேட்காதீர்கள். சேர்க்கைக் கடிதம் வைத்து இங்கேயே மாணவர் விசா எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். இறங்கி 14 நாட்களுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், இப்போது எல்லாம் இணையத்தில்தான். பல்கலையின் வெளிநாட்டு மாணவர் அலுவலகமும் தன் பங்குக்கு ஒரு படிவத்தை ஏற்ற வேண்டும், அவர்கள் மறந்தாலும் அபராதம் உங்கள் தலையில்தான் விழும், ஆகவே சேர்ந்த அன்றே போய்க் கேளுங்கள். தங்கும் இடம் மாறினாலும் தெரிவிக்க வேண்டும்.

வங்கிக் கணக்கு, சிம் கார்டு எல்லாம் இந்தப் பதிவோடு பின்னிக் கிடக்கின்றன. அங்கே டீக்கடையில்கூட ஜிபேதான், உங்களுக்கு உள்ளூர்க் கணக்கு வரும்வரை அது வேலை செய்யாது, முதல் சில வாரங்களுக்குக் கையில் ரூபாய் இருக்கட்டும். இன்னொன்று, ‘டி.சி. கொடு, மைக்ரேஷன் கொடு’ என்று, அதாவது பழைய பள்ளியிலிருந்து விலகியதற்கான சான்றிதழ்களை, கேட்பார்கள். நம் பள்ளிகளில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை, சிஜில் பெர்ஹெந்தி செகோலாவைக் கையில் வைத்திருங்கள், அதுதான் அங்கே டி.சி.க்கு ஈடாகப் போகும்.

எங்க தாத்தா புதுக்கோட்டைக்காரரு. ஓ.சி.ஐ. எடுத்தா ஃபீஸ் குறையுமா?

ஓ.சி.ஐ. என்பது இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசாங்கம் தரும் அட்டை. அது இருந்தால் மாணவர் விசா வேண்டாம், முந்தைய பதிலில் சொன்ன பதிவும் வேண்டாம், வந்து போவது சுலபம். ஆனால் கட்டணம் உள்ளூர்க்காரர் அளவுக்குக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2021 மார்ச்சில் இந்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பின்படி ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்கள் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) இடங்களுக்கும் கூடுதலாக உருவாக்கும் இடங்களுக்கும் மட்டுமே போட்டியிடலாம், இந்தியர்களுக்கென ஒதுக்கிய இடங்களுக்கு இல்லை.

கொள்ளுப்பேரன் பேத்தி வரை விண்ணப்பிக்கலாம், கஷ்டம் ஆவணத்தில்தான். தோட்டத்துக்கு வந்த தாத்தாவின் பிறப்பு, குடியுரிமைக் காகிதங்கள் எத்தனை வீட்டில் பத்திரமாக இருக்கின்றன? பழைய இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் பெரிய அதிர்ஷ்டம். இருந்தால் இப்போதே தொடங்குங்கள், ஏன் என்பது பின்னால் வேலை பற்றிய கேள்வியில் வரும்.

முதல் வருஷம் என்னதான் சொல்லிக் கொடுப்பாங்க?

எந்தப் பிரிவாக இருந்தாலும் முதல் வருடம் கிட்டத்தட்ட பொதுதான். இன்ஜினியரிங் கணிதம், இயற்பியல், வேதியியல், சி அல்லது பைதான், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ், ஒர்க்‌ஷாப். கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்த பிள்ளைகள் ‘நான் எதற்கு அரம் வைத்து இரும்பைத் தேய்க்கிறேன்’ என்று கேட்பார்கள், தேய்த்துத்தான் ஆக வேண்டும். கிராஃபிக்சுக்கு மினி டிராஃப்டர் வாங்கச் சொல்வார்கள், அங்கேயே சீனியரிடம் பழையது கிடைக்கும், இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

நம் பிள்ளைகளைத் திணறடிப்பது கணிதம் இல்லை, எழுத்து வேலை. ஒவ்வொரு லேபுக்கும் அப்சர்வேஷன் நோட்டு, ரெக்கார்டு நோட்டு என்று இரண்டு, கையால் எழுதி வாராவாரம் கையெழுத்து வாங்க வேண்டிய இடங்கள் இன்னும் நிறைய உண்டு. தேர்விலும் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். எஸ்.டி.பி.எம். எழுதியவர்கள் பாடத்தில் சமாளித்துவிடுவார்கள், இந்த வேகத்துக்குப் பழக ஒரு செமஸ்டர் ஆகும்.

அட்டென்டன்ஸ் 75 சதவீதம்னு சொல்றாங்களே, உண்மையிலேயே அவ்வளவு கறாரா?

கறார்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள், குறைந்தால் அந்தப் பாடத்தில் தேர்வு எழுத ஹால் டிக்கெட் வராது. மருத்துவச் சான்று கொடுத்துக் கொஞ்சம் தளர்வு வாங்க வழி உண்டு, அதையும் பணம் கட்டித்தான். கல்லூரி சார்பில் போட்டிக்கோ கருத்தரங்குக்கோ போனால் ‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி) கிடைக்கும், அது வருகையாகக் கணக்காகும், ஆனால் முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

நமக்கு இதில் ஒரு தனிச் சங்கடம். உள்ளூர்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி திங்கள் காலை வகுப்புக்கு வந்துவிடுவார்கள், நாம் அக்காவின் கல்யாணத்துக்கு வந்தால் ஒரு வாரம் போய்விடும். அந்த ஒரு வாரத்துக்காக மற்ற நாளில் ஒரு வகுப்பையும் விடாமல் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் பினாங்கு–சென்னை நேரடி விமானம் தொடங்கியது, பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் போய் ஏறிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரியர் விழுந்தா வாழ்க்கையே போச்சா?

இல்லை. தேறாத பாடத்தைத்தான் அரியர் என்கிறார்கள், மறுபடி எழுதித் தேறலாம். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களில் பல ‘நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது’ என்று சொல்லும், சில ‘எப்போதுமே விழுந்திருக்கக் கூடாது’ என்றும் சொல்லும். சில பல்கலைகளில் மதிப்பெண்ணை வகுப்பின் சராசரியோடு ஒப்பிட்டு கிரேடு போடுகிறார்கள், அங்கே எல்லாரும் நன்றாக எழுதினால் உங்கள் 70க்கு நடுத்தர கிரேடு வரலாம். சேருவதற்கு முன் எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேறவில்லை என்று வீட்டில் சொல்லப் பயந்து பிள்ளைகள் தனியாக உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பெற்றோர்களே, இந்த முறை இப்படித்தான் இருக்கும் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு, அவன் போனில் சொல்லும்போது கத்தாதீர்கள்.

பொண்ண தனியா அனுப்பலாமா? ஹாஸ்டல் பாதுகாப்பா இருக்குமா?

அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி. பாதுகாப்பு இருக்கிறது, சில இடங்களில் மூச்சு முட்டும் அளவுக்கு இருக்கிறது. மாலை இத்தனை மணிக்குள் உள்ளே வர வேண்டும், வெளியூர் போக அவுட்பாஸ், அதற்குப் பெற்றோருக்கு மெசேஜ், வார்டன் போன். நிறைய வளாகங்களில் ஆண்கள் ஹாஸ்டலுக்கு ஒரு நேரம், பெண்கள் ஹாஸ்டலுக்கு அதைவிட முந்தைய நேரம். இது நியாயமில்லை என்பதே என் கருத்து, நூலகமும் லேபும் திறந்திருக்கும்போது பெண்கள் மட்டும் எழுந்து போவது படிப்பையே பாதிக்கிறது. விண்ணப்பிக்கும்போதே நேரத்தைக் கேட்டு ஒப்பிடுங்கள், இடத்துக்கு இடம் ரொம்ப மாறும்.

சாப்பாடு சைவ மெஸ், அசைவ மெஸ் என்று இருக்கும். இட்லி, பொங்கல், சாம்பார் சாதம் முதல் மாதம் நன்றாக இருக்கும், பிறகு நாசி கண்டார் கனவில் வரும். சம்பல் பாட்டில் கொண்டுபோங்கள்.

ராகிங் பண்ணுவாங்களா?

முன்பிருந்த மாதிரி இல்லை. தமிழ்நாட்டில் 1997 லேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது, 2009 இல் யு.ஜி.சி. நாடு முழுவதற்கும் விதிமுறை கொண்டுவந்தது. சேரும்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். பெயர் கேட்பது, பாடச் சொல்வது அளவுக்கு எங்காவது நடக்கலாம், அதைத் தாண்டினால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது, தயங்காமல் கூப்பிடுங்கள்.

நாமதான் தமிழ் பேசுறோமே, பழகுறது சுலபம்தானே?

பேச்சு சுலபம், பழக்கம் வேறு. வகுப்பு ஆங்கிலத்தில், நடுநடுவே தமிழில் விளக்குவார்கள், அது நமக்கு வசதி. ஆனால் பெரிய தனியார் பல்கலைகளில் ஆந்திரா, கேரளா, வட இந்தியப் பிள்ளைகள் நிறைய, ஹாஸ்டல் அறையில் தமிழே கேட்காமல் போகலாம். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது, சார், மேடம்தான். சாதி பற்றி நேரடியாகவோ சுற்றிவளைத்தோ கேட்பவர்களும் இருப்பார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை, நீங்கள் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேம்பஸ் பிளேஸ்மென்ட்ல நூறு சதவீதம் வேலைன்னு போட்டிருக்காங்க. எனக்கும் கிடைக்குமா?

அந்த விளம்பரம் உங்களுக்காக எழுதப்பட்டதில்லை. வெளிநாட்டவர் இந்தியாவில் வேலை விசா வாங்க, பொதுவாக ஆண்டுச் சம்பளம் குறைந்தது 16.25 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும். வளாகத்துக்கு வந்து நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் ஐ.டி. நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தருவது பெரும்பாலும் அதில் கால்வாசிகூட வராது. ஆக ஆஃபர் கிடைத்தாலும் விசா கிடைக்காது, இதனாலேயே பல நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவர்களைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ஓ.சி.ஐ. இருந்தால் வேலை விசா தேவையில்லை, மேலே ‘இப்போதே தொடங்குங்கள்’ என்றது இதற்காகத்தான்.

மற்றவர்கள் பிளேஸ்மென்ட்டை மறந்துவிட்டு மலேசியாவை நோக்கி வேலை செய்யுங்கள். மூன்றாம் வருட விடுமுறையில் இங்கே இன்டர்ன்ஷிப் பிடியுங்கள். இன்டெல் 1972 இலிருந்து பினாங்கில் இருக்கிறது, அதைச் சுற்றி செமிகண்டக்டர் நிறுவனங்கள் குவிந்து கிடக்கின்றன. இறுதி ஆண்டு புராஜெக்ட்டை இங்கே கேட்கக்கூடிய விஷயத்தில் செய்யுங்கள், வி.எல்.எஸ்.ஐ., எம்பெடட், டெஸ்ட் ஆட்டோமேஷன் மாதிரி. அங்கே பணம் கொடுத்தால் ரெடிமேட் புராஜெக்ட் விற்கும் கடைகள் இருக்கின்றன, அதை வாங்கிக்கொண்டு வந்தால் இங்கே இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவீர்கள்.

அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. இல்ல, ஆனா அமெரிக்காவோட ஏபெட் இருக்கு. அமெரிக்காவும் ஒப்பந்தத்துல இருக்கே, போதாதா?

நல்ல கேள்வி. ஒவ்வொரு உறுப்பினரும் தன் நாட்டுக்குள் தரும் அங்கீகாரம்தான் வாஷிங்டன் ஒப்பந்தத்துக்குள் வரும். அமெரிக்க அமைப்பு இந்தியாவில் உள்ள படிப்புக்குக் கொடுத்தது தரத்துக்கு நல்ல அடையாளம், ஆனால் அதுவே உங்களை பி.இ.எம். பதிவுக்குத் தானாகக் கொண்டுசேர்க்காது. படிப்பின் பெயர், வளாகம், முடிக்கும் ஆண்டு எல்லாம் போட்டு வாரியத்துக்கே எழுதிப் பதில் வாங்குங்கள்.

ரெண்டு செமஸ்டர் முடிஞ்சு பிடிக்கலன்னா, இங்க வந்து இரண்டாம் வருஷத்துல சேரலாமா?

சில மலேசியத் தனியார் பல்கலைகள் பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டுக் கிரெடிட் தரும், முழு வருடமும் அப்படியே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கிளம்பும் முன் சீல் வைத்த மதிப்பெண் விவரம், ஒவ்வொரு பாடத்தின் சிலபஸ் இரண்டையும் கையோடு வாங்கிவிடுங்கள், இங்கிருந்துகொண்டு கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

முழுப் படிப்பையும் முடித்து வருகிறவர்களுக்கும் இதுவேதான். ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்), டிரான்ஸ்கிரிப்ட் சில பிரதிகள், சிலபஸ் புத்தகம், பயிற்றுமொழி ஆங்கிலம் என்ற கடிதம், இவற்றை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும், தபாலில் அனுப்பச் சொல்லிப் பணம் கட்டிவிட்டு வந்தால் இன்னொரு டிக்கெட் மிச்சம்.